மணி அடித்தால் பந்து சாகாதாம்

பந்துக்கு உயிர் உண்டு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சொன்னவர் குடித்திருக்கவில்லை, கோட்டி பிடித்தவரும் இல்லை. போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எங்கள் ஊர்க் கூடைப்பந்துப் போட்டிக்கு நடுவராக வந்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

எங்கள் ஊர் உத்தமபாளையம் தாண்டி, மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர். சுற்றிலும் திராட்சைப் பந்தல், வாழை, தென்னை. நடுவில் மாதா கோயில். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் உள்ள சிமெண்டுத் தளம்தான் பந்து விளையாடுகிற இடம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இரண்டு பக்கமும் மரத்தூண் நட்டு வளையம் மாட்டினாராம். தூண் இரும்பாகி, தளம் சிமெண்டாகி, எத்தனையோ சாமியார் மாறிவிட்டார்கள். ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பந்து தட்டத் தெரியும். அது மட்டும் மாறவில்லை.

கோயில் மணி அடிப்பது நான். என் வீட்டுக்காரர் கோயில்பிள்ளையாக இருந்து மணி அடித்து வந்தார். அவரை அடக்கம் பண்ணின மறுநாள் விடியற்காலையில் மணி அடிக்க ஆள் இல்லாமல் எல்லாரும் கையைப் பிசைந்தபோது நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். அதற்குப் பிறகு விடவில்லை. காலையிலும் உச்சியிலும் சாயங்காலம் ஆறுக்கும் திரிகால மணி. காய்ச்சலோடும் அடித்திருக்கிறேன், கையில் கட்டோடும் அடித்திருக்கிறேன். பந்தலில் திராட்சை வெட்டுகிற பெண்கள் என் மணியைக் கேட்டுத்தான் கத்தரியைக் கீழே வைப்பார்கள். செல்போனில் மணி பார்க்கிற பிள்ளைகள்கூட என் மணிக்குத் திருத்தி வைத்துக்கொள்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் இந்த ஊருக்கு நேரம் சொல்கிறவள் நான்தான்.

அந்த மணிக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மணி விழுந்தால் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். நடந்து போகிறவர் நிற்பார், டீ ஆற்றுகிறவர் நிற்பார். பந்து விளையாடுகிற பிள்ளைகளும் நிற்பார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் அதைக் காலடியில் வைத்துவிட்டுக் கையைக் கூப்ப வேண்டும். எறிந்த பந்து மேலே போய்க்கொண்டிருந்தால் அது போகிற இடத்துக்குப் போகட்டும். சாக்கடைக்கு உருண்டாலும் ஒருவரும் துரத்த மாட்டார்கள். செபம் முடிந்து சிலுவை போட்ட பிறகுதான் அதைத் தொடுவார்கள். எங்களோடு விளையாடுகிற இந்துப் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்கும். ஊர்ப் பையன்கள் யாராவது நடுவராக இருந்தால், நான் கயிற்றில் கை வைப்பதைப் பார்த்தே விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால், மணி அடித்தால் ஆட்டம் நின்றுபோகும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. எனக்கும்தான்.

என் தம்பி எல்லை தாண்டி வண்டன்மேட்டில் ஏலத் தோட்டத்தில் கங்காணி. அவன் மகள் படிப்புக்காக என் வீட்டில் இருந்தாள். அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. நெடுநெடுவென்று வளர்த்தி. சோறு தின்னும்போதும் ஒரு கை பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். தம்பி அவளுக்குக் கடமலைக்குண்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். நான் சண்டை போட்டேன். ரொம்ப நாள் இழுத்த பிறகு ஒரு பேச்சுக்கு வந்தான். மதுரையில் ஒரு கல்லூரியில், பந்து விளையாடுகிற பிள்ளைகளைச் சேர்த்து, சோறும் தங்குகிற இடமும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். அதில் இடம் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் கல்யாணம். அந்தக் கல்லூரியிலிருந்து பிள்ளை பொறுக்குவதற்கு ஒரு மேடம் எங்கள் ஊர்ப் போட்டியின் கடைசி நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, வருவதாக ஏற்பாடு. அதைத் தவறவிட்டால் வேறு வழி கிடையாது.

முதல் கோளாறு சனிக்கிழமை நடந்தது. போட்டியைத் தொடங்கி வைக்க வேண்டிய பெரிய மனிதர், மாலையோடு காத்திருந்தவர்களை வெயிலில் காயவிட்டு, தாமதமாக வந்தார். வந்தவர் சும்மா தொடங்கி வைக்கவும் இல்லை. தான் சின்ன வயதில் ஓடியது, தாண்டியது எல்லாம் சொன்னார். அதனால் எல்லா ஆட்டமும் தள்ளிப்போய், எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களும் தேனிப் பெண்களும் ஆடுகிற ஆட்டம் ஆறு மணிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

நான் யாரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும். ஆறுக்கு மணி அடித்தேன்.

கோபுரத்து அடியில் கயிற்றைப் பிடித்து நின்றால் தளம் முழுவதும் தெரியும். பந்து என் தம்பி மகள் கையில் இருந்தது. அவள் அதைக் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள். தேனிப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி மட்டும் கீழே கிடந்த பந்தையும் நடுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் பக்கத்திலிருந்து "எடுத்துப் போடுடி" என்று ஒரு சத்தம். அவள் பந்தை எடுத்து, சாவகாசமாகத் தட்டிக்கொண்டு போய், கூடையில் போட்டுவிட்டு வந்தாள். எங்கள் பி.டி. டீச்சர் "டைம் அவுட், டைம் அவுட்" என்று கத்துகிறார். நடுவர் தலையை ஆட்டுகிறார், கிடையாது என்று. அந்த ஒரு கூடையில்தான் தோற்றோம். நல்லவேளை, மறுநாள் இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது.

செபத்தைப் பாதியில் விடக்கூடாது என்பதால் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, ஆட்டமும் முடிந்ததும் நேராக நடுவரிடம் போனேன்.

"ஏன் சார், பிள்ளைக செபம் சொல்லிக்கிட்டு நிக்கிதுக. உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சுத்தா. நான் விசில் ஊதலையே."

"அதான் நான் மணி அடிச்சேன்ல."

"மணி கணக்குல வராதுத்தா. விசில் ஊதுனாத்தான் பந்து சாகும். அது வரைக்கும் பந்து உசுரோட இருக்கு. உசுரோட இருக்கிற பந்த எடுத்துப் போட்டா பாயிண்டுதான்."

"பந்துக்கு ஏதுய்யா உசுரு?"

"நான் சொல்லலத்தா. ரூலு சொல்லுது."

"எங்க டீச்சரு டைம் அவுட்டுனு கத்துச்சே, அதயாவது கேட்டீகளா?"

"பந்து ஓடிக்கிட்டு இருக்கையில டைம் அவுட் கேக்க முடியாது. செத்த பெறகுதான் கேக்கலாம்."

பின்னால் சுவரில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன், "அக்கா, செத்த பந்துக்கு சாமியாருகிட்ட ஒரு பூசைக்குச் சொல்லி வைங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே பி.டி. டீச்சர் என் தம்பி மகளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண், அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர். எங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. "நாளைக்கும் மணி அடிக்குதுன்னு பந்தக் கீழ வெச்ச, நேரா பெஞ்சுதான். அந்த மேடம் பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எந்த மேடம் மதுரைக்குக் கூட்டிப்போவார்.

வீட்டில் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"அத்தை, நாளைக்கு ஒரு நாளைக்கு ஆட்டம் முடிஞ்ச பெறகு அடிக்கியா?"

"எதுக்குடி?"

"மணிச் சத்தம் கேட்டா எனக்குக் கை தானா இறங்கிருது. நான் என்ன செய்ய?"

"இறங்குனா தூக்கு. ஓடு. யாரு வேண்டாம்னா?"

"ஓடுனா மொத ஆளா நீதான வைவ."

அது நிஜம்தான். வைதிருப்பேன்.

விஷயம் அதற்குள் சாமியார் காதுக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், சின்ன வயது. "கொஞ்சம் தள்ளி அடிச்சா என்னம்மா, கடவுள் கோவிச்சுக்கவா போறார்?" என்றார்.

"ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு சாமி. நான் கோவிச்சுக்கிருவேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, நடுவரிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றார். எனக்கு அது கௌரவக் குறைச்சல்தான். இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டை நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீக்கடையில் அந்தப் போடி வாத்தியாரைப் பிடித்தேன்.

"மணி அடிக்கையில ஒரு விசில் ஊதிருங்களேன் சார். உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

"காரணம் இல்லாம ஊதக்கூடாதுத்தா. எதிர்த் தரப்பு எழுதிக் குடுத்தாகன்னா என் விசிலப் புடுங்கிருவாக."

"சரி. அப்ப அது எப்ப எப்பச் சாகும், அதச் சொல்லுங்க. அந்த நேரம் பாத்து அடிச்சுக்கிறேன்."

அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. என் கையில் ஒரு பன்னைக் கொடுத்துப் பந்து என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆட்டம் தொடங்கையில நான் மேல தூக்கிப் போடுறேன்ல, என் கைய விட்டதும் உசுரு. வெளிய போச்சு, விசில் ஊதிட்டேன், செத்துருச்சு. கோட்டுக்கு வெளிய நிக்கிற பிள்ள கையில குடுக்கிறேன், திரும்ப உசுரு."

"கூடையில விழுந்தா?"

"செத்துரும்."

"நீங்க விசில் ஊதணும்ல?"

"வேண்டாம். அது தானாச் செத்துரும். ஆனா எதிராளு உடனே எடுத்துக்கிட்டு வெளிய போய் நிப்பாக. நின்னதும் பொழச்சுக்கிரும்."

"சரி. கூடைக்குனு எறிஞ்சாச்சு, பந்து மேல போய்க்கிட்டு இருக்கு. அப்ப விசில் ஊதுனா?"

"சாகாது. உள்ள விழுந்தா பாயிண்டு."

"நேத்து விசில் ஊதுனாச் சாகும்னீக."

"அது கையில இருக்கிற பந்துத்தா. இது அந்தரத்துல போற பந்து."

எனக்குப் பன்னை அவர் டீயிலேயே போட்டுவிடலாமா என்று வந்தது. மனிதன் ஒரு தடவை செத்தால் ஒரு தடவை அடக்கம். அதோடு சரி. இந்தப் பந்து ஒரு நாள் சாயங்காலத்துக்குள் எத்தனை தடவை செத்துப் பிழைக்கிறது. அதுவும் ஒருவர் வாயில் இருக்கிற விசிலுக்கு ஒரு சமயம் சாகும், ஒரு சமயம் சாகாது. இதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், பரீட்சை வேறு வைக்கிறார்களாம்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நான் விசில் ஊதி, பந்த என் கையில எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க, அது செத்த பந்து. அப்ப அடிங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் நான் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன். அதுக்கு யாரும் என்னையக் கேள்வி கேக்க முடியாது."

அப்போதே எனக்குத் தெரியும், இது உருப்படுகிற காரியம் இல்லை என்று. ஆறு மணிக்குச் சரியாகப் பந்து சாக வேண்டுமே. அதற்கு நான் யாரிடம் சொல்லி வைக்க.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர் தொல்லை இல்லை. மழை வந்தது. மலையிலிருந்து இறங்கி, தளத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போவதற்கென்றே வந்த மாதிரி ஒரு தூறல். சாக்கைப் போட்டுத் துடைத்து, காய வைத்து, எங்கள் பிள்ளைகள் பெரியகுளம் பக்கத்துப் பெண்களோடு ஆடத் தொடங்கவே தாமதமாகிவிட்டது. மதுரை மேடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, வெள்ளை ஷூ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தம்பி மகள் நன்றாகத்தான் ஆடினாள். இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆறானது. நான் கயிற்றைப் பிடித்தேன்.

பந்து உயிரோடு இருந்தது.

சாகட்டும் என்று நின்றேன். எதிர்ப்பக்கத்துப் பெண் எறிந்தாள், கூடையில் விழுந்தது. செத்தது. கயிற்றை இழுப்பதற்குள் எங்கள் பிள்ளை ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டாள். பிழைத்துக்கொண்டது. மறுபடி தட்டிக்கொண்டு ஓடினார்கள். கோட்டைத் தாண்டப் போன பந்தை ஒரு புண்ணியவதி பாய்ந்து உள்ளே தட்டிவிட்டாள். மற்ற நாளில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் விசில் ஊதுகிற மனிதர், அன்றைக்கு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறார்.

தெருவில் போன ஒருத்தி நின்று, "என்னக்கா, கயித்தப் பிடிச்சுக்கிட்டு யாருக்குக் காத்திருக்க? கடியாரம் நின்னு போச்சா?" என்றாள்.

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பந்துக்காகக் கேட்டாள். கயிற்றை இழுத்துவிட்டால் முடிந்தது. ஊருக்கு நேரம் தப்பாது. ஆனால் அந்தப் பிள்ளை பந்தைக் கீழே வைக்கும், டீச்சர் பெஞ்சில் உட்கார வைப்பார், மேடம் நாற்காலியை விட்டு எழுந்து போவார், கடமலைக்குண்டிலிருந்து வேன் வைத்து வருவார்கள். இழுக்கவில்லை. பந்தலிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வருவது எனக்குத் தெரிகிறது.

அப்போது விசில் கேட்டது. என் கை பாதி இழுத்தே விட்டது. பார்த்தால் பந்து அந்தரத்தில். தம்பி மகள் எறிந்திருக்கிறாள், எறியும்போது ஒருத்தி அவள் கையில் அடித்திருக்கிறாள். இந்தப் பந்து விசிலுக்குச் சாகாத பந்து. மேலே மணி அசைந்துவிட்டது. மணியின் நாக்கு படாமல் கயிற்றைத் தொங்கிப் பிடித்தேன். என்னையே ஒரு சாண் தூக்கிவிட்டது. பந்து வளையத்தைச் சுற்றி, உட்கார்ந்து யோசித்து, வெளியே விழுந்தது.

நடுவர் பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

அடித்தேன். அப்படி நான் எப்போதும் அடித்ததில்லை. எல்லா எரிச்சலையும் சேர்த்து அடித்தேன். எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். சுவரில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். நடுவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். டீச்சர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. செத்த பந்துக்கு யார் என்ன சொல்ல முடியும்.

செபம் முடிந்தது. அப்போது இரண்டு பக்கமும் பாயிண்டு சமம். கையில் அடி வாங்கினதற்காக அவளுக்குத் தனியாக இரண்டு எறி. முதல் பந்து உள்ளே விழுந்தது. இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. மீதி நேரம் முழுவதும் எதிர்ப்பக்கத்தைக் கூடைப் பக்கம் விடாமல் தடுத்து, அந்த ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள்.

மதுரை மேடம் என்னிடம் வந்து, "நீங்கதான் இந்தப் பொண்ணுக்குப் பெரியவங்களா? ஹாஸ்டலுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

"அனுப்புவேன்" என்றேன். தம்பியைக் கேட்கவில்லை.

அவனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "அப்ப கடமலைக்குண்டுக்காரகளுக்கு நான் என்னக்கா சொல்லட்டும்?" என்று இழுத்தான்.

"நீதான வாக்குக் குடுத்த. நீயே சொல்லிக்க."

"அவுக கோவிச்சுக்கிருவாகக்கா."

"கோவிச்சுக்கிட்டா அவுக வீட்டுச் சோத்த அவுக தின்னுட்டு இருக்கட்டும். பிள்ள மதுரைக்குப் போகுது."

அதோடு எல்லாரும் சந்தோஷமாக இருந்திருக்கலாம். இருந்தார்களா. ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், ஏன்க்கா நேத்து மணி பிந்திருச்சு, ஏன் பெரியம்மா நேத்து மணி பிந்திருச்சு என்று கேட்டார்கள். சாமியார்தான் தள்ளி அடிக்கச் சொன்னாராமே என்று ஒருத்தி எனக்கே சொன்னாள். பந்து சாகவில்லை, அதனால் அடிக்கவில்லை என்று சொன்னால் என்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

இது போதாதென்று வீட்டில் அவள்.

"நீ மட்டும் அங்கன மணி அடிக்காம இருந்திருந்தா ரெண்டாவது பந்தும் விழுந்திருக்கும் அத்தை. அம்புட்டு நேரம் நின்னதுல கை சூடு ஆறிப்போச்சு."

"மொதப் பந்து அதே ஆறுன கையிலதான விழுந்துச்சு?"

"அது அதிர்ஷ்டம்."

"உனக்காகத்தான்டி பிந்தி அடிச்சேன்."

"பிந்துனது பிந்துன, இன்னும் கொஞ்சம் பிந்தியிருக்கலாம்ல."

இப்படி ஒரு பிள்ளையை என்ன செய்ய. அடுப்பைப் பற்றவைத்தாலும் இதே பேச்சு, துணி துவைத்தாலும் இதே பேச்சு. இடம் உறுதியாகிப் பெட்டி கட்டுகிறபோதும் விடவில்லை. மதுரை பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார வைத்து, முறுக்கு டின்னை மடியில் வைத்து, பத்திரம் என்று சொன்னேன். அவள் வெளியே தலையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. சரி, இப்போதாவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பக்கத்தில் போனேன்.

"அந்த ரெண்டாவது பந்து உள்ளுக்குள்ளதான் போயிருக்கும் அத்தை" என்றாள். "நீ வேணா அந்த நடுவரையே கேட்டுப் பாரு."

"தலைய உள்ள இழுடி" என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது.